ஒரு மணி நேரம் மிதித்தால் எத்தனை வாட்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் பத்திரிகையின் இணைப்பில் வந்த படத்தை என்னிடம் மூன்று பேர் கொண்டுவந்து காட்டிவிட்டார்கள். பால்கனியில் ஒரு சைக்கிள், அதன் மேல் ஓர் இளைஞர், பின்னால் வீடு முழுக்க வெளிச்சம். "ஒரு மணி நேரம் மிதித்தால் ஒரு நாள் முழுக்க கரண்ட், பில்லே கிடையாது" என்று மேலே கொட்டை எழுத்து. ஸ்ரீராமபுரத்தில் 38 வருஷம் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருந்தவன் நான். கரண்ட் சம்பந்தமாக எந்தச் செய்தி வந்தாலும் அது கடைசியில் என் வாசற்படிக்கு வந்துவிடும். முதலில் வந்த இரண்டு பேருக்கும் டீ கொடுத்து அனுப்பிவிட்டேன். மூன்றாவதாக வந்தவர் எங்கள் தெருமுனையில் பூ விற்கும் அம்மா. பேப்பரை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வந்தார். "அண்ணா, இது ஒண்ணு எவ்ளோ ஆவும்? அடுத்த மாசம் சீட்டுப் பணம் வருது. மழை வந்தா ராத்திரில கரண்ட் போயிடுது. பையன் மிதிப்பான், நான் பூ கட்டிக்கினு இருப்பேன்" என்றார்.

பையன் இந்த வருஷம் எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை எழுதுகிறவன். அதனால்தான் இந்தக் கடிதம்.

உங்கள் நிருபர் பொய் எழுதினார் என்று சொல்ல மாட்டேன். பாதிதான் எழுதியிருக்கிறார். மணி நேரத்தைச் சொன்னவர் வாட்டைச் சொல்லவில்லை. பால்காரர் "ஒரு மணி நேரம் கறந்தேன்" என்று சொன்னால் வாங்குகிறவருக்கு என்ன புரியும்? எத்தனை லிட்டர் என்று கேட்க மாட்டோமா?

இந்த "ஒரு மணி நேரம், ஒரு நாள்" என்கிற வாசகமும் புதிதில்லை. 2015-இல் மனோஜ் பார்கவா என்கிற அமெரிக்க இந்தியத் தொழிலதிபர் இதே மாதிரி ஒரு சைக்கிளைக் காட்டி, ஒரு மணி நேரம் மிதித்தால் கிராமத்து வீடு ஒன்றுக்கு 24 மணி நேரம் மின்சாரம் கிடைக்கும் என்றார். கரண்டே எட்டிப் பார்க்காத வீடுகளை நினைத்து அவர் சொன்ன பேச்சு அது. வாய்க்கு வாய் மாறி வந்ததில் "கிராமத்து" என்ற சொல் வழியிலேயே உதிர்ந்துவிட்டது. இப்போது ஃபிரிட்ஜும் கீசரும் வைத்திருக்கிற பெங்களூர் பால்கனிக்கு அதே வாசகம் வந்து நிற்கிறது.

நான் இதைச் செய்து பார்த்தவன். 2020 ஏப்ரல், ஊரடங்கு. கடை ஷட்டர் இறக்கி ஒரு மாதம் ஆகியிருந்தது. கை சும்மா இருந்தால் எனக்கு ராத்திரி தூக்கம் பிடிக்காது. மொட்டை மாடியில் துருப்பிடித்துக் கிடந்த என் பழைய ஹெர்குலிஸைத் தூக்கி நிறுத்தினேன். முதலில் நான் செய்தது எல்லாரும் செய்கிற தப்பு. கடையில் கிடந்த ஒரு கார் ஆல்டர்னேட்டரை, அதாவது காரில் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் சாமானை, மாட்டினேன். அது இன்ஜினோடு ஓடுவதற்கென்று செய்த சாமான். ஆயிரம் சுற்றுக்கு மேல் போனால்தான் கண்ணையே திறக்கும். போதாக்குறைக்கு, அதனுள்ளே காந்தத்தை உண்டாக்கும் ஃபீல்டு காயிலுக்கே நாம் முதலில் 30, 40 வாட் தீனி போட வேண்டும். மிதிக்கிறவன் கொடுப்பதே நூறு வாட் என்றால் அதில் சுமார் மூன்றில் ஒரு பங்கு வாசலிலேயே போய்விடுகிறது.

அதைக் கழற்றிவிட்டு, யாரோ ரிப்பேருக்குக் கொடுத்து வாங்க வராமலே போன எலக்ட்ரிக் ஸ்கூட்டர் மோட்டாரை எடுத்தேன். உள்ளே நிலைக்காந்தம் வைத்தது, 24 வோல்ட், 250 வாட். இந்த மாதிரி மோட்டாருக்குக் கரண்ட் கொடுத்தால் சுற்றும், அதையே நாம் சுற்றினால் கரண்ட் கொடுக்கும். பின் சக்கரத்து டயர், டியூப் இரண்டையும் உருவி, ரிம்மின் பள்ளத்திலேயே பெல்ட்டை ஓட்டினேன். முன்னால் 48 பல், பின்னால் 18 பல், மோட்டார் தண்டில் இரண்டு அங்குல புல்லி. நிமிஷத்துக்கு 60 மிதி மிதித்தால் சக்கரம் 160 சுற்று, மோட்டார் ஏறக்குறைய 2,000 சுற்று. பழைய 12 வோல்ட் கார் பேட்டரி ஒன்று. மொத்தச் செலவு ஒரு பெல்ட்டும் நாலு போல்ட்டும்தான், ஏனென்றால் மற்றதெல்லாம் கடைக் குப்பை. வெளியே போய் வாங்கினால் எட்டாயிரத்துக்குக் குறையாது என்று என் கணக்கு.

முதல் நாள் ஒரு கூத்து நடந்தது. கரண்டை ஒரு பக்கமாக மட்டுமே விடுகிற டையோடைப் போட மறந்துவிட்டேன். பத்து நிமிஷம் மிதித்துவிட்டு இறங்கித் துண்டால் முகம் துடைத்துக்கொண்டிருக்கிறேன், ஆளே இல்லாத சைக்கிளில் பின் சக்கரம் மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கிறது. பேட்டரி தன்னிடம் வந்ததைத் திருப்பி மோட்டாருக்கே கொடுத்துக்கொண்டிருந்தது. துணி காயப்போட வந்த என் வீட்டுக்காரி பக்கெட்டைப் போட்டுவிட்டுக் கீழே இறங்கியவர்தான், அன்று மாடிக்கு வரவில்லை. 38 வருஷம் இதே தொழில் செய்தவன் மறக்கக் கூடாத சாமான் அது. செய்கிறவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்: மோட்டாரிலிருந்து பேட்டரிக்குப் போகும் ஒயரில் ஒரு டையோடு, நல்ல தடிமனாக.

இனி மீட்டர் காட்டியது. எனக்கு அப்போது 63 வயது. நிதானமாக மிதித்தால் 3 ஆம்பியர், மூச்சைப் பிடித்து மிதித்தால் 5. பேட்டரி முனையில் பதின்மூன்றரை வோல்ட். 5 ஆம்பியரால் பெருக்கினால் 67 வாட். கௌதமபுரத்தில் கால்பந்து ஆடுகிற என் தங்கை மகன், ஊரடங்கு தளர்ந்த பிறகு ஒரு நாள் வந்து, "தள்ளு மாமா" என்று ஏறி உட்கார்ந்தான். முதல் நிமிஷம் முள் 12 ஆம்பியரைத் தொட்டது. பத்தாவது நிமிஷம் ஏழுக்கு வந்துவிட்டது. பதினைந்தாவது நிமிஷம் இறங்கி, தண்ணீர்த் தொட்டி நிழலில் மல்லாந்து படுத்துவிட்டான். அவனுக்கு 22 வயது. அவனைக் குறைத்துச் சொல்லவில்லை. ஜெர்மனியின் சைக்கிள் பந்தய வீரர் ராபர்ட் ஃபோர்ஸ்டமன், தொடை ஒவ்வொன்றும் ஆட்டுரல் மாதிரி இருக்கும், அவர் 2015-இல் 700 வாட் டோஸ்டர் ஒன்றை மிதித்தே ஓட்டிக் காட்டினார். ஒரு துண்டு ரொட்டி சிவந்தது. மனிதர் தரையில் விழுந்து கிடந்தார். அவர் உண்டாக்கிய மின்சாரம் 0.021 யூனிட்.

இதில் இன்னொரு விஷயம், மிதித்துப் பார்க்காதவர்களுக்குத் தெரியாது. ஒயரைக் கோக்காமல் மிதித்தால் பெடல் பூ மாதிரி சுற்றும். பேட்டரியைக் கோத்த அடுத்த நொடி மேட்டில் டபுள்ஸ் ஏற்றிக்கொண்டு போகிற மாதிரி கனக்கும். எவ்வளவு கரண்ட் எடுக்கிறோமோ அவ்வளவு கனம். அந்தக் காலத்தில் சைக்கிள் டயரில் உரசி ஓடும் டைனமோ வைத்திருந்தவர்களுக்கு இது ஞாபகம் இருக்கும். 6 வோல்ட், 3 வாட், அவ்வளவுதான் அது. அந்த மூன்று வாட்டுக்கே கால் கண்டுபிடித்துவிடும். ராத்திரியில் விளக்கில்லாமல் போனால் பிடிப்பார் என்று, போலீஸ்காரர் தலை தெரிந்தால் டைனமோவை டயரில் சாய்ப்போம், தாண்டியதும் நிமிர்த்துவிடுவோம். எங்கள் அப்பாவிடம் இதற்காக அடிகூட வாங்கியிருக்கிறேன்.

சரி, யூனிட் கணக்குக்கு வருகிறேன். ஒரு யூனிட் என்றால் ஆயிரம் வாட் ஒரு மணி நேரம். 67 வாட்டில் மிதித்தால் ஒரு யூனிட்டைப் பேட்டரிக்குள் தள்ள 15 மணி நேரம். உள்ளே போனது அப்படியே வெளியே வராது. பேட்டரி கொஞ்சம் தின்னும், இன்வெர்ட்டர் கொஞ்சம் தின்னும். கைக்கு ஒரு யூனிட் வர 20 மணி நேரத்துக்கு மேல் மிதிக்க வேண்டும். எங்கள் வீட்டில் மாதம் 90 யூனிட், நாளைக்கு மூன்று. அதாவது நாளொன்றுக்கு 60 மணி நேரம் மிதிக்க வேண்டும். இரண்டு பேர் ராப்பகலாக மிதித்தாலும் போதாது, மூன்றாவது ஆள் பாதி நாளுக்கு வர வேண்டும்.

சோற்றுக் கணக்கிலும் போட்டுப் பார்த்தேன். நாம் தின்றதில் நாலில் ஒரு பங்கோ ஐந்தில் ஒரு பங்கோதான் காலில் மிதியாக இறங்குகிறது. மீதியெல்லாம் வேர்வையும் சூடும். ஒரு கிலோ அரிசியில் சுமார் 3,500 கலோரி. அந்த 20 மணி நேரத்துக்கு இரண்டு கிலோ அரிசிக்கு மேல் உடம்பு கேட்கும். கிலோ 50 ரூபாய் என்றாலே யூனிட்டுக்கு நூறு ரூபாய் தாண்டிவிட்டது. மின்சார போர்டு அதே யூனிட்டை ஆறேழு ரூபாய்க்குக் கொடுக்கிறது. அதுவும் கர்நாடகத்தில் 2023-லிருந்து கிருஹ ஜோதி திட்டம் இருக்கிறது. அந்த வீட்டின் பழைய மாதச் சராசரி யூனிட்டுக்கு மேல் பத்து சதவீதம் வரை, 200 யூனிட்டுக்குள் இருந்தால் வீட்டுக்குப் பில்லே இல்லை. பூக்கார அம்மாவுக்கு ஏற்கெனவே பூஜ்ஜியம்தான் வருகிறது. "பில்லே கிடையாது" என்ற உங்கள் தலைப்பு அவருக்கு எதையும் மிச்சப்படுத்தாது.

நான் கோலார் தங்கவயல்காரன். அப்பா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு பெருமை உண்டு, பெங்களூர்க்காரர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்: இந்த ஊர் வீதிகளில் 1905-இல்தான் மின்விளக்கு எரிந்தது, எங்கள் சுரங்கத்துக்கு 1902-லேயே சிவனசமுத்திரம் நீர்வீழ்ச்சியிலிருந்து 147 கிலோமீட்டர் கம்பி இழுத்துக் கரண்ட் வந்துவிட்டது. காவிரி அத்தனை உயரத்திலிருந்து விழுந்து சக்கரத்தைச் சுற்றினால்தான் அந்த வேலை நடக்கும். ஒரு குதிரைத்திறன் என்பது 746 வாட். எங்கள் வீட்டுத் தண்ணீர் மோட்டார் ஒரு குதிரைத்திறன்தான். அதற்கே என்னைப் போல் பதினோரு பேர் வரிசையாக உட்கார்ந்து மிதிக்க வேண்டும்.

அப்படியானால் ஒரு மணி நேர மிதிக்கு என்னதான் கிடைக்கும்? கைக்கு வருவது சுமார் 50 வாட்-மணி, அதாவது ஒரு யூனிட்டில் இருபதில் ஒரு பங்கு. அதில் 9 வாட் எல்இடி பல்பு ஒன்று ஐந்தரை மணி நேரம் எரியும். அல்லது மூன்று செல்போன் சார்ஜ் ஏறும். பழைய 75 வாட் சீலிங் ஃபேன் 40 நிமிஷம் ஓடும். 750 வாட் மிக்ஸி நாலு நிமிஷம், ஒரு தேங்காய்ச் சட்னிக்குச் சரியாக இருக்கும். கீசர் ஒன்றரை நிமிஷம், அதற்குள் குழாயில் ஏற்கெனவே நின்றிருந்த பச்சைத்தண்ணீர்கூட வந்து முடியாது.

ஐந்தரை மணி நேரம் ஒரு பல்பு என்பதைச் சின்ன விஷயம் என்று நான் நினைக்கவில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் இருக்கும் என் அக்கா மூன்று நாள் போனில் கிடைக்கவில்லை. மாடியில் பத்திரமாகத்தான் இருந்தார், போனில் சார்ஜ் இல்லை, அவ்வளவே. அந்த வீட்டில் மிதிக்கிற டைனமோ ஒன்று இருந்திருந்தால் நான் மூன்று ராத்திரி தூங்கியிருப்பேன். ஆஸ்திரேலியாவில் 1920-களின் கடைசியில் ஆல்ஃபிரட் டிரேகர் என்பவர் காலால் மிதித்து ஓட்டும் ரேடியோ ஒன்று செய்தார். சுமார் 20 வாட். அதை வைத்து யாரும் வீட்டுக்கு விளக்குப் போடவில்லை. பக்கத்து வீடே பல மைல் தள்ளி இருக்கிற பண்ணைகளில் உட்கார்ந்து மிதித்து, பறந்து வரும் டாக்டருக்குத் தகவல் சொன்னார்கள். மிதிக்கு ஏற்ற வேலை அது.

காலைத்தான் பயன்படுத்த வேண்டும் என்றால், கரண்டாக மாற்றாமல் நேராகவே பயன்படுத்துங்கள் என்பது என் கட்சி. எங்கள் தெருவுக்கு மாதம் ஒரு முறை சாணை பிடிக்கிறவர் வருவார். சைக்கிளை ஸ்டாண்டில் ஏற்றி, அதே சீட்டில் உட்கார்ந்து மிதிப்பார். அவர் கால் கொடுப்பது சங்கிலி வழியாக நேராகக் கல்லுக்குப் போகிறது, கத்தியில் பொறி பறக்கிறது. இடையில் டைனமோ இல்லை, பேட்டரி இல்லை. என் வீட்டுக்காரியின் தையல் மிஷினும் அப்படித்தான். கேரளத்தில் மலப்புரம் பக்கத்து ரெம்யா ஜோஸ் பள்ளிக்கூட வயதிலேயே மிதித்து ஓட்டும் துணி துவைக்கும் இயந்திரம் செய்தாரே, அவருக்கு இது புரிந்திருந்தது. காலிலிருந்து டைனமோவுக்கும், அங்கிருந்து பேட்டரி, இன்வெர்ட்டர் வழியாக மறுபடி ஒரு மோட்டாருக்கும் அனுப்புவது, பக்கத்து வீட்டுக்குச் சாம்பாரை அஞ்சு கை மாற்றிக் கொடுத்தனுப்புவது போல. கிண்ணத்தில் பாதிதான் போய்ச் சேரும்.

என் வீட்டுக்காரி அந்த மாடி சைக்கிளை மிதித்தது ஒரே ஒரு நாள், பத்து நிமிஷம். இறங்கிவிட்டுக் கேட்டார்: "ஏங்க, இதைத் தினமும் யாரு மிதிக்கிறது?" நான்தான் என்றேன். "நீங்க நாலு நாள் மிதிப்பீங்க. அஞ்சாவது நாள் முட்டி வலிக்குதும்பீங்க. அப்புறம் சமையலை முடிச்சிட்டு நான் வந்து மிதிக்கணும்." ஆசிரியர் அவர்களே, 38 வருஷத் தொழிலில் என்னிடம் யாரும் இதைவிடச் சரியான கேள்வி கேட்டதில்லை. உங்கள் படத்தில் இருந்த இளைஞர் ஆசைக்கு மிதிக்கிறார், உடம்புக்கும் நல்லது, மிதிக்கட்டும். ஆனால் இதைத் தேவைக்கு வாங்குகிற வீட்டில் மிதிக்கப்போவது யார்? பூக்கார அம்மா வீட்டில் அது பரீட்சைக்குப் படிக்க வேண்டிய பையன். படிக்க வெளிச்சம் வேண்டும் என்பதற்காகப் படிக்கிற நேரத்தில் வேர்க்க வேர்க்க மிதித்துவிட்டு, பிறகு அவன் புத்தகத்தைத் திறந்தால் கண் எங்கே நிற்கும்?

இவ்வளவு நீளம் உங்களால் போட முடியாது என்று தெரியும். எதை வெட்டினாலும் அடுத்த பத்தியை வெட்டாதீர்கள்.

உங்கள் செய்தியின் கடைசியில், இன்வெர்ட்டரிலிருந்து வரும் ஒயரைச் சுவரில் இருக்கும் பிளக் பாயிண்டில் சொருகினால் வீடு முழுக்க எரியும் என்று ஒரு வரி இருந்தது. தயவுசெய்து யாரும் அப்படிச் செய்ய வேண்டாம். கரண்ட் போன நேரத்தில் அப்படிச் சொருகினால், உங்கள் 230 வோல்ட் வீட்டுக்குள் நிற்காமல் மீட்டர் தாண்டித் தெருவுக்குப் போகும். டிரான்ஸ்ஃபார்மருக்கு எது உள்ளே எது வெளியே என்று தெரியாது. 11,000 வோல்ட்டைக் குறைத்துக் கொடுக்கிற அதே சாமான், பின்பக்கமாக வந்ததைக் கூட்டிக் கொடுக்கும். மேலே லைன்மேன் கம்பி செத்துக் கிடக்கிறது என்று நம்பிக் கை வைத்திருப்பார். சின்ன இன்வெர்ட்டர்தானே, தெரு பாரம் தாங்காமல் தானே நின்றுவிடும் என்பார்கள். பெரும்பாலும் நிற்கும். அந்தப் "பெரும்பாலும்" கம்பத்தின் மேல் இருப்பவருக்குப் போதாது. சைக்கிள் கரண்டில் பல்பு எரிய வேண்டுமானால் பேட்டரியிலிருந்து தனி ஒயர், தனி 12 வோல்ட் பல்பு, வீட்டு ஒயரிங்கைத் தொடவே கூடாது. இன்வெர்ட்டரே வேண்டாம், நஷ்டமும் குறையும். பேட்டரியைப் படுக்கிற அறையில் வைக்காதீர்கள், சார்ஜ் ஏறும்போது அதிலிருந்து வரும் வாயு தீப்பிடிக்கக்கூடியது.

சொந்த மொட்டை மாடி இருப்பவர்கள் வெயிலைப் பிடிக்கலாம். ஒரு 100 வாட் சோலார் பலகை பெங்களூர் வெயிலில் நல்ல நாளில் 400 வாட்-மணிக்குக் குறையாமல் தரும். நான் ஆறு மணி நேரம் மிதித்தாலும் மீட்டரில் அவ்வளவுதான் வரும், பலகை முட்டி வலி என்று சொல்லாது. 2024-இல் வந்த பிரதமரின் சூரியவீடு திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், மூன்று கிலோவாட் வரை 78,000 ரூபாய் மானியமும் உண்டு. ஆனால் பூக்கார அம்மா ஒரே அறையில் வாடகைக்கு இருக்கிறார், மொட்டை மாடி வீட்டு உரிமையாளருடையது. அந்தத் திட்டம் அவர் வீட்டுப் படியேறாது.

அவரிடம் நான் சொன்னது இதுதான்: உள்ளேயே பேட்டரி வைத்த எல்இடி பல்பு நானூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, சாதாரண பல்பு மாட்டுகிற இடத்திலேயே மாட்டலாம், கரண்ட் போனால் மூன்று நாலு மணி நேரம் தானே எரியும், சீட்டுப் பணத்தைத் தொடாதீர்கள். முகம் கொஞ்சம் வாடித்தான் போயிற்று. பேப்பரில் படம் போட்டு வந்ததைக் கிழவன் வேண்டாம் என்கிறானே என்று நினைத்திருப்பார். வியாழக்கிழமை சாயங்காலம் மழையில் எங்கள் தெருவில் மரக்கிளை விழுந்து இரண்டு மணி நேரம் கரண்ட் இல்லை. குடையோடு அந்தப் பக்கம் போனேன். கதவு திறந்திருந்தது. அவர் மல்லிகை கட்டிக்கொண்டிருந்தார், பையன் கணக்கு நோட்டோடு சுவரில் சாய்ந்திருந்தான். பல்பு 320 ரூபாய்தானாம், என் கணக்கில் 80 ரூபாய் தப்பு.

நான் எழுதியதில் சந்தேகம் இருப்பவர்கள், உங்கள் நிருபர் உட்பட, ஞாயிற்றுக்கிழமை காலை வந்தால் மிதித்துப் பார்க்கலாம். சைக்கிள் இன்னும் மாடியில்தான் இருக்கிறது, மீட்டரும் வேலை செய்கிறது. ஹேண்டில்பாரில் காய்கிற துணியை மட்டும் எடுத்துக் கொடியில் போட்டுவிட்டு ஏறவும்.

இப்படிக்கு,
வே. மு.
ஸ்ரீராமபுரம், பெங்களூரு